மட்டி வெட்டிய கால்

எழுதத் துணிந்தமைக்காக வாசிப்போர் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் துணுக்காய்ப் பகுதியில் ஒரு சிறிய பாடசாலையின் ஆசிரியை. பாடக்குறிப்பு, வரவுப் பதிவேடு, அதிபருக்கான விடுமுறை விண்ணப்பம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. பிறர் வீட்டுத் துயரத்தை அவர்களுடைய முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுக் கடதாசியில் இறக்குவது மரியாதையான செயல்தானா என்பதும் எனக்குத் தெளிவில்லை. எனினும் அந்தத் துயரத்தில் ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு வகுப்பில் வாய்மையைப் பற்றிப் படிப்பிக்க என்னால் இயலவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

யாகப்புவும் அவருடைய மனைவி மதலேனாவும் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியும் தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில் எங்கள் வளவுக்கு வந்தார்கள். நாயாற்றில் கடலையும் களப்பையும் நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். போரினால் பல இடங்களில் இருந்து எழும்பி, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். என் தந்தையார் அப்புத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வவுனிக்குளத் திட்டத்தில் காணி பெற்று வயல் செய்தவர். வாய்க்கால் கரையோரம் கொட்டில் போட அவர்களுக்கு இடம் கொடுத்தார். இரண்டு சைக்கிள்களில் வந்த சாமான்களுக்குள் ஒரு வீச்சு வலையும் இருந்தது. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் வலையைக் கைவிடாத மனிதரை என் தந்தையார் வியப்போடு பார்த்தார்.

அடுத்த கிழமையே யாகப்பு குளத்தில் இறங்கிவிட்டார். காலை வெயில் ஏறும்போது நாலைந்து விராலோடு வரம்பில் நடந்து வருவார். என் தந்தையார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, வள்ளச் சொந்தக்காரரை அழைப்பதுபோல் கேட்பார்.

“என்ன சம்மாட்டியார், இண்டைக்குச் சுறாவோ திருக்கையோ?”

“உங்கட குளத்தில நான் மீன் பிடிக்கிறதில்லை ஐயா. சேத்தைத்தான் பிடிக்கிறன். மீன் அதுக்குள்ள சும்மா கிடக்கும்.”

மதலேனா அந்தச் சேற்று வாசத்தைப் புளியாலும் மிளகாலும் அடக்கிக் குழம்பு வைப்பார். எஞ்சிய மீனை உப்பிட்டு வெயிலில் காயப் போடுவார். கடல்மீனைப் போல அது காயாது. ஓரங்களில் மஞ்சளாகிக் கெட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் அதை வாய்க்காலில் எறிந்துவிட்டு, அடுத்த முறையும் காயப் போடுவார். வயலில் களை பிடுங்கும் பெண்களோடு வரிசையில் நின்றபோது, நெல்லையும் கோரைப் புல்லையும் பிரித்தறிய அவருக்கு ஒரு போகம் தேவைப்பட்டது. “ரீச்சர், இரண்டும் பச்சைதானே, ஆர் பெத்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று சிரித்தார். அந்தச் சொல் எனக்கு இப்போது வேறு விதமாகக் கேட்கிறது.

பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தது நான்தான். புதிதாக வந்த பிள்ளைகள் அந்தத் தவணையில் நூற்றுக்கு மேல். பாலை மரத்தடியில் மேசை போட்டு எழுதினேன். மதலேனா பொலித்தீன் பையைப் பிரித்து ஒரு பிறப்புப் பத்திரத்தை நீட்டினார். மேரி அந்தோனியா. தந்தை பேதுருப்பிள்ளை யாகப்பு. பத்திரத்தில் இருந்தபடியே பதிவேட்டில் எழுதினேன். வீட்டில் அவர்கள் பிள்ளையைப் பிறின்சி என்று அழைத்தார்கள். வீட்டுக்கொரு பெயரும் பத்திரத்துக்கொரு பெயருமாக எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் இருக்கிறார்கள். ஆகையால் நான் எதையும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமும் அல்ல என்று நினைத்தேன்.

பிறின்சி படிப்பில் நடுத்தரம். கணக்கில் மட்டும் கெட்டிக்காரி. மதலேனாவை அம்மா என்பாள், யாகப்புவை அப்பா என்பாள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலமாகையால் வீட்டுப்பாடத்தை வெளிச்சம் இருக்கும்போதே வாய்க்கால் கட்டில் இருந்து முடித்துவிடுவாள்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை கனடாவிலிருந்து மதலேனாவின் தங்கை யூலியானா எழுதும் கடிதம் வவுனியா வழியாகக் கைமாறி வரும். மதலேனாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரியும். எனவே நான் வாசித்துக் காட்டுவேன். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, கச்சான் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் வந்த கடிதத்தில் யூலியானாவும் கணவர் றொமேசும் தங்களுக்குச் சிற்றிசன் உரிமை கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். இனிப் பிள்ளையைக் கனடாவுக்கு எடுப்பதற்குத் தடையில்லை, பதிந்துவிட்டோம், பிள்ளையின் படமும் பாடசாலைக் கடிதமும் உடனே அனுப்பவும் என்றும் இருந்தது.

மதலேனா அந்தக் கடிதத்தை வாங்கி நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பதினைந்து வயதுப் பெண்பிள்ளையை வைத்திருந்த எந்தத் தாய்க்கும் அன்று வன்னியில் இருந்த பயத்தை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

‘பிள்ளை’ என்ற சொல்லில் நான் தடுக்கி நிற்கவில்லை. தமக்கையின் மகளையும் நாங்கள் எங்கட பிள்ளை என்றுதானே சொல்கிறோம். பிள்ளை இல்லாத தங்கை தமக்கையின் மகளை எடுக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். மல்லாவியில் படம் எடுத்தார்கள். நான் பதிவேட்டைப் பார்த்து, ‘மேரி அந்தோனியா, தந்தை பே. யாகப்பு, எமது பாடசாலையில் கற்று வருகிறார்’ என்று கடிதம் எழுதி அதிபரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுத்தேன். மதலேனா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. என்னிடம் அவ்வளவு நம்பிக்கை.

பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. இரண்டாயிரமாம் ஆண்டு புரட்டாதி மாதம். வயல்கள் உழவுக்குக் காத்துக் கிடந்தன. பாடசாலை விட்டு வந்த என்னை மதலேனா வழியிலேயே மறித்துக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். யாகப்பு வாசலில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறின்சி எனக்கு வெறுந்தேத்தண்ணீர் வைக்க அடுப்படியில் இருந்தாள். கடித உறைக்குள் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று விசா அலுவலகம் றொமேசுக்கு அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தின் பிரதி. மற்றது யூலியானாவின் கையெழுத்து.

என் ஆங்கிலம் பாடசாலை ஆங்கிலம். இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை வாசித்தபோதுதான் விளங்கியது. றொமேஸ் தம் மகளென்று கொடுத்த பிறப்புப் பத்திரத்தில் மேரி அந்தோனியாவின் தந்தை றொமேஸ். பாடசாலைக் கடிதத்தில் மேரி அந்தோனியாவின் தந்தை யாகப்பு. பெயர் ஒன்று, தந்தையர் இருவர். படத்தில் இருக்கும் பிள்ளை யார் என்று சத்தியக் கடதாசி மூலம் தொண்ணூறு நாட்களுக்குள் தெரிவிக்கவும். அதன் பின்னரே இரத்தப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அழைக்கப்படும் என்று எழுதியிருந்தது.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் மதலேனா நிலத்தில் இருந்துவிட்டார். என் கடிதம்தான் இதற்குக் காரணம் என்று விளங்கியபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“ரீச்சர், இவள் என்ர வயித்தில பிறந்தவள் இல்லை. யூலியானாவின்ர,” என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

யாகப்புவும் றொமேசும் அண்ணன் தம்பி. அக்காவும் தங்கையுமான மதலேனாவையும் யூலியானாவையும் மணம் முடித்தவர்கள். எண்பத்துநாலாம் ஆண்டு இரண்டு பெண்களும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, சகோதரர்கள் போன வள்ளம் இரண்டு நாட்களாகக் கரைக்கு வரவில்லை. அக்காவும் தங்கையும் அந்தோனியார் கோயிலில் ஒரே நேரத்தில் முழங்காலில் நின்று ஒரே நேர்த்தியை வைத்தார்கள்: ஆண்கள் திரும்பி வந்தால் பிறக்கும் பிள்ளைக்கு அந்தோனியாரின் பெயர். மூன்றாம் நாள் வள்ளம் வந்தது. பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தன. நேர்த்தியை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க இயலாதாகையால் இரண்டு பிள்ளைகளுக்கும் மேரி அந்தோனியா என்றே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது, பதிவும் அப்படியே. வீட்டில் மதலேனாவின் மகள் அந்தோனி; யூலியானாவின் மகள் பிறின்சி. முகமும் ஏறக்குறைய ஒன்று. கடலால் வரும் யாகப்புவே ஒருத்தியை மற்றவளின் பெயரால் கூப்பிட்டு ஏச்சு வாங்குவாராம்.

றொமேஸ் தொண்ணூறில் கனடாவுக்குப் போனார். பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை பெற்ற பிறகு, தொண்ணூற்றொன்றின் கடைசியில், பிறின்சியை அக்காவிடம் விட்டுவிட்டு யூலியானாவும் போனார். போகும்போது பிறின்சியின் பிறப்புப் பத்திரத்தையும் முதல் நன்மைப் படத்தின் ஒரு பிரதியையும் கொண்டுபோனார். மெழுகுதிரி பிடித்தபடி இரண்டு சிறுமிகளும் வெள்ளைச் சட்டையில் நிற்கும் படம். மதலேனாவிடமிருந்த பிரதி இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது.

அந்த அலைச்சலில் ஓரிடத்தில் நிவாரண அட்டை எழுதிய இளைஞர், ஒரே பெயர் இரண்டு வரியில் இருப்பதைக் கண்டு, கை தவறி இருமுறை எழுதிவிட்டேன் என்று தாமே நினைத்து ஒன்றை வெட்டிவிட்டார். மதலேனா விளக்கிச் சொன்னார். பின்னால் வரிசை நீளம். பிறகு பார்ப்போம் என்றார்கள். ஏழு மாதம் இரண்டு பிள்ளைகளும் ஒரு பிள்ளையின் அரிசியைத் தின்றார்கள். பிறகு ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தபோது அந்தோனிக்கு மலேரியா. மருந்து இருக்கும் இடத்துக்கு யாகப்பு சைக்கிளில் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளை போய்விட்டது. எங்களிடம் வருமுன்பே அதைக் கனடாவுக்கு மட்டும் எழுதுவித்திருந்தார்கள்.

“செத்ததைப் பதிஞ்சால் மேரி அந்தோனியாவை வெட்டுவினம் ரீச்சர். அட்டையில கிடந்தது அந்த ஒரு பேர்தான். அதையும் வெட்டினால் இவளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? அதால பதியேல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அந்தோனியின்ர பத்திரத்தைத்தான் தந்தனான். பேர் ஒண்டுதானே எண்டு நினைச்சன்.”

யாகப்பு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேர் ஒண்டுதான்,” என்றார்.

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். மதலேனா மற்றக் கடிதத்தையும் வாசிக்கச் சொன்னார். முன்கூட்டியே மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை. பிறின்சி தேத்தண்ணீரோடு வந்து நின்றதையும் கண்டேன். கண்டும் உரத்து வாசித்தேன். யூலியானா எழுதியிருந்தது இதுதான்:

“அக்கா, நீ அனுப்பின படத்தை வைச்சுக்கொண்டு மூண்டு நாள் இருந்தனான். இந்த முகம் என்ர பிள்ளையின்ர முகம் இல்லை. ஒன்பது வருசமா நான் தலைமாட்டில வைச்சுப் பாக்கிற முகம் எனக்குத் தெரியாதோ? செத்தது ஆர் எண்டு மாதாவைச் சாட்சியா வைச்சு உண்மையைச் சொல்லு. என்ர பிள்ளையின்ர வலது உள்ளங்காலில மட்டி ஓடு வெட்டின தழும்பு இருக்கு. களப்புக்குள்ள வெட்டி ரத்தம் ஓட ஓட நான்தானே தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினனான். அந்தக் காலைப் பாத்து எனக்கு எழுது. உன்ர பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேணுமெண்டால் நேராக் கேட்டிருக்கலாம். அதுக்காக என்ர பிள்ளையைச் சாகடிச்சிருக்கத் தேவையில்லை.”

பிறின்சி தேத்தண்ணீரை என் கையில் தந்தாள். சிந்தவில்லை. பிறகு நிலத்தில் அமர்ந்து வலது காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தாள். சேறு காய்ந்து வெடித்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இடது காலையும் பார்த்தாள். தழும்பு இல்லை.

“அது அந்தோனியின்ர கால்,” என்றார் மதலேனா.

யாகப்பு ஊசியை வைத்துவிட்டுச் சொன்னார். “ஓம். நான் அண்டைக்கு வள்ளத்தில நிண்டனான். வெட்டினது அந்தோனிக்கு. மதலேனா சந்தைக்குப் போயிட்டா. யூலியானாதான் தூக்கிக்கொண்டு ஓடினவ. அவவின்ர சட்டையெல்லாம் ரத்தம். அந்த ரத்தம்தான் அவவுக்கு ஞாபகம் நிக்குது. ஆற்ற கால் எண்டது நிக்கேல்லை.”

மதலேனா பிறின்சியின் பக்கம் கையை நீட்டினார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன் பின் நடந்தவற்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்தே ஒழுங்கு செய்தோம். மல்லாவி வழியில் ஓய்வுபெற்ற அதிபர் தில்லைநாதன் ஐயா சமாதான நீதவானாக இருந்தார். நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது எனக்கு அதிபர். இன்றும் அவர் முன்னிலையில் எனக்குக் கதிரையில் சாய்ந்து இருக்க வராது. அவர் முன் பிறின்சி சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும். கடதாசியை நான் எழுதிக் கொடுத்தேன். பெயர் ஒன்றான கதை, அட்டையின் கதை, அந்தோனி இறந்த கதை, தழும்பின் கதை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் அடக்கினேன். கொழும்புக்குப் போக, வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போகும் பாஸ் எடுக்கப் பிணை நிற்பதற்கு என் தந்தையார் சம்மதித்தார். “சம்மாட்டியார், நீர் திரும்பி வராட்டில் என்னைத்தான் பிடிப்பாங்கள். எனக்கு வீச்சு வலையும் வீசத் தெரியாது,” என்றார். யாகப்பு அன்று சிரிக்கவில்லை.

மதலேனா பிறின்சிக்கென்று ஒரு சூட்கேஸ் இரவல் வாங்கினார். குளிர் நாடு என்று கேள்விப்பட்டு, நிவாரணத்தில் கிடைத்த ஒரு கம்பளிப் போர்வையைப் பிரித்துக் கையில்லாத சட்டை ஒன்று தைத்தார். இடையில் பிறின்சி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் இதைப் பற்றிக் கேட்டாள்.

“ரீச்சர், ரத்தத்தைப் பாத்தால் தெரியுமோ?”

“தெரியும் பிள்ளை. நிச்சயமாத் தெரியும்.”

“அதுவரைக்கும் அவ நம்பமாட்டாவோ?”

நான் ஏதோ பொதுப்படையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆகவே அது பயனுள்ளதாக இருந்திருக்காது.

ஐப்பசி நடுவில், விதைப்பு மழை தூறிக்கொண்டிருந்த காலையில் போனோம். தந்தையார் விதைப்பில் நின்றதால் நாங்கள் நால்வர், மூன்று சைக்கிள். ஐயா கேட்டிருந்தபடி பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டை அதிபரின் அனுமதியோடு பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோய், ஐயா வீட்டில் என் மடியில் வைத்திருந்தேன். ஐயா நான் எழுதிய கடதாசியை மெதுவாக முழுவதும் வாசித்தார். ஓரிடத்தில் ஒற்றுப் பிழை கண்டு திருத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிறின்சியைப் பார்த்தார்.

“பிள்ளை, இதில எழுதியிருக்கிறது உண்மைதானே? உம்மைப் பெத்த தாய் தகப்பன் ஆர் எண்டு உம்மட வாயால சொல்லும்.”

பிறின்சி எழுந்து நின்றாள். வகுப்பில் விடை சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள்.

“யாகப்புவும் மதலேனாவும். இந்தா இருக்கினம்.”

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஐயாவும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். கேள்வியை மறுபடி கேட்டார். அவளும் மறுபடி அதையே சொன்னாள்.

மதலேனா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “ஐயா, இல்லை. இவள் என்ர பிள்ளை இல்லை. இவள் யூலியானாவின்ர பிள்ளை. என்ர பிள்ளை செத்துப்போச்சு.”

அவ்வளவு காலத்தில் அவர் அந்த வசனத்தை வெளியாள் ஒருவர் முன் சொன்னது என்னிடம் ஒருமுறை, அங்கே ஒருமுறை. பிறின்சி திரும்பி அவரைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்தே, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

“பிறின்சி செத்ததிலயிருந்து அம்மா இப்பிடித்தான் ஐயா, ஆளை மாறிக் கதைக்கிறவா. சித்தியின்ர பிள்ளையைப் பாக்கத் தவறிட்டன் எண்டு மனம் சரியில்லை. நான் அந்தோனி.”

யாகப்பு குனிந்து தம் கைகளைப் பார்த்தார். கூரையில் மழை கொஞ்சம் வலுத்தது. மதலேனா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். களை வரிசையில் நெல் எது புல் எது என்று கேட்க நிற்கும் அதே பார்வை.

“பத்திரமும் யாகப்புவின்ர மகளின்ரதான் இவையிட்ட இருக்கு,” என்று ஐயா தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீர் சொல்லும். இந்தப் பிள்ளை ஆற்ற பிள்ளை?”

என்னிடம் கேட்டது எனக்குத் தெரிந்ததை. நான் எழுந்து நின்றேன். மடியில் இருந்து எடுத்த பதிவேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்து, நீல மை, தொண்ணூற்றேழு தை.

“பதிவேட்டின்படி யாகப்புவின் மகள், ஐயா,” என்றேன்.

அதுதான் நான் சொன்ன வாக்கியம். அதில் பொய் இல்லை. ஐயா தலையை ஆட்டினார். நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டுப் புதிய தாள் எடுத்தார். ‘மேரி அந்தோனியா ஆகிய நான் பேதுருப்பிள்ளை யாகப்புவின் மகள் எனவும், என் சிறிய தாயாரின் மகளான மற்றைய மேரி அந்தோனியா 1996ஆம் ஆண்டு காய்ச்சலினால் இறந்தார் எனவும் சத்தியம் செய்கிறேன்.’ பிறின்சி கையொப்பமிட்டாள். அழகான கையெழுத்து. நான் படிப்பித்தது.

திரும்பும் வழியில் யாகப்புவும் மதலேனாவும் ஒரே சைக்கிளில் வெகு தூரம் முன்னே போய்விட்டார்கள். என்னோடு வந்த பிறின்சியிடம் ஏன் இப்படிச் செய்தாய், ரத்தம் கொடுத்திருந்தால் எல்லாம் தெளிந்திருக்குமே என்று கேட்டேன். ஏசும் துணிவு எனக்கு வரவில்லை; நானும் அதில் பங்காளி.

“தெளிஞ்சிருக்கும் ரீச்சர். எல்லாருக்கும் தெளிஞ்சிருக்கும். ஆனா அவவுக்குத் தெரிஞ்ச முகம் அந்தோனியின்ர. தெரிஞ்ச கால் அந்தோனியின்ர. நான் போய் வாசலில நிண்டால் ஒவ்வொரு நாளும் என்ர காலைத்தான் பாப்பா.” மேடு வந்தது; சைக்கிளை எழும்பி நின்று மிதித்தாள். “இஞ்ச அம்மா என்ர காலைப் பாக்கிறதில்லை.”

அந்தச் சத்தியக் கடதாசியைத் தபாலில் போட்டதும் அவள்தான்.

மதலேனா மூன்று நாட்கள் அவளோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. அடுப்பு எரிந்தது, மரவள்ளிக்கிழங்கு அவிந்தது, கோப்பை வைக்கப்பட்டது. நாலாம் நாள் காலை வளவுக்குள் இருந்து அவர் சாப்பிடக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. பிறின்சி என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. மற்றப் பெயரை எடுக்க அவர் முயன்றிருக்க வேண்டும். கடைசியில், “பிள்ளை, வந்து சாப்பிடு,” என்றார். “வாறன் அம்மா,” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. பிள்ளை மட்டும்தான்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு மாசியில், நெல் அருவி வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, கனடாவிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. இம்முறை எனக்குப் புத்தி வந்திருந்தது; தனியே பிரித்து முதலில் என் மனதுக்குள் வாசித்தேன். கடிதத்தில் நாலு வரிதான். அக்கா, சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை போய்விட்டது என்று இப்போது மனம் ஏற்றுக்கொண்டது. ஊராரைக் கூப்பிட்டுப் பூசை ஒப்புக்கொடுத்தோம். நினைவு அட்டை அனுப்புகிறோம் என்று இருந்தது. உள்ளே மினுங்கும் கடதாசியில் அச்சடித்த அட்டை ஒன்று. மேலே சிலுவை. கீழே ‘எங்கள் அன்பு மகள் மேரி அந்தோனியா (பிறின்சி)’ என்றும் பிறந்த திகதியும். நடுவில் முதல் நன்மைப் படத்திலிருந்து பெரிதாக்கிய சிறுமியின் முகம். கன்னத்தில் மெழுகுதிரி வெளிச்சம்.

அதில் வாசிப்பதற்கு அதிகம் இல்லை, பார்ப்பதற்குத்தான் இருந்தது. எனவே களத்துக்கே கொண்டுபோய் மதலேனாவிடம் கொடுத்தேன். அவர் கையில் இருந்த அரிவாளைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயிலில் மினுங்கியதால் சரித்துப் பிடித்துப் பார்த்தார்.

எனக்கு அந்த முகம் பிறின்சியின் சிறு வயது முகமாகவே தெரிந்தது. மதலேனாவின் வாய் திறந்தபடி நின்றது. கட்டு தூக்கிக்கொண்டு வந்த பிறின்சி அவர் நிற்கும் நிலையைக் கண்டு கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்; அட்டையை எட்டிப் பார்த்தாள்.

“அந்தோனி,” என்றாள்.

“ஓம்,” என்றார் மதலேனா. “என்ர பிள்ளை.”

ஒன்பது வருடம் யூலியானா தலைமாட்டில் வைத்துப் பார்த்த முகம் அதுதான். இரண்டு சிறுமிகளில் எந்தப் பக்கம் நின்றது தன் மகள் என்பதை எந்த வருடத்தில் மறந்தாரோ, எவருக்கும் தெரியாது. கனடாவில் பூ வைத்துப் பூசை கொடுத்தது மதலேனாவின் மகளுக்கு. அது இறந்த பிள்ளைதான். எழுதியிருந்த பெயர்தான் உயிரோடு பக்கத்தில் நின்றது.

பிறின்சி அந்த அட்டையை வாங்கி, தன் பெயர் எழுதியிருந்த வரியைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு மதலேனாவுக்குக் காட்டினாள். மதலேனா நெடுநேரம் பார்த்தார். யாகப்புவையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். மகளின் படம் ஒன்றும் இல்லாமல் இருந்த வீட்டுக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. கொட்டில் கம்பில், மழைத்தண்ணீர் படாத பக்கத்தில் குத்தி வைத்தார்கள். அன்று மாலை செபம் சொன்னது எங்கள் வாசலுக்குக் கேட்டது.

மேலும் எழுதும் தகுதி எனக்கில்லை. இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். நாயாற்றில் ஒரு வீடு, ஒரு வள்ளம். ஒட்டுசுட்டான் வழியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று. அதற்கு முன் ஏழு மாதம், ஒருவருக்குரிய அரிசி. பதியப்படாத ஒரு மரணம். அனுப்பப்படாத இரண்டு பக்கக் கடதாசி ஒன்று. கொழும்பில் எடுக்கப்படாத இரத்தம். ஒரு விசா. கனடாவில் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு மகள். அவளுக்கு வரும் ஆனியில் பதினேழு வயது. பிறின்சி என்ற பெயர். கம்பளிச் சட்டை ஒன்று தைத்து முடிந்தது, இன்னும் போடப்படவில்லை.